நிவெர்னே கால்வாய்க் கரையில் ஐந்து நாள்கள்

நேற்று மாலை பாரிசில் சைக்கிள்களைத் திருப்பிக் கொடுத்தபோது, வாடகைக் கடைக்காரர் பின்சக்கர மட்கார்டில் விரல் நீளத்துக்கு இருந்த ஒரு கீறலைக் காட்டி, நாங்கள் கட்டிய முன்பணத்தில் 60 யூரோவைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கீறல் நாங்கள் எடுத்துச் சென்ற நாளிலேயே இருந்தது. படம் பிடித்து வைக்காததால் அதை நிறுவ முடியவில்லை. நானும் தம்பியும் நான்கு இரவுகள் கூடாரம் போட்டுத் தங்கிய செலவைவிட அந்தத் தொகை அதிகம். வாடகைக்கு எடுப்பவர்கள் கடையைவிட்டு வெளியேறும் முன் சக்கரம், சங்கிலி, மட்கார்டு, இருக்கை என ஒவ்வொன்றையும் கடைக்காரர் கண்முன்னே படம் பிடித்துக்கொள்ளுங்கள். கோபம் ஆறாமலேயே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அந்த ஐந்து நாள்கள் தந்த மகிழ்ச்சி இந்தக் கோபத்தைவிடப் பெரியது.

பிரான்சில் சைக்கிள் பயணம் என்றதும் பெரும்பாலோர் லுவார் ஆற்றங்கரை அரண்மனைகளுக்குத்தான் போகிறார்கள். அழகான வழிதான். ஆனால் கோடையில் அங்கே கூட்டமும் விடுதிக் கட்டணமும் ஒன்றாக ஏறிவிடுகின்றன. நாங்கள் தேடியது அமைதியை. அதனால் பர்கண்டியின் மேற்கு ஓரத்தில், ஒசேர் நகரிலிருந்து தெசீஸ் வரை 174 கிலோமீட்டர் நீளும் நிவெர்னே கால்வாயைத் தேர்ந்தோம். மொர்வான் மலைக்காடுகளின் விறகைப் பாரிசுக்குக் கொண்டுசெல்வதற்காக 1784 இல் வெட்டத் தொடங்கப்பட்டு, அறுபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் முடிக்கப்பட்ட இந்தக் கால்வாய், பாரிஸ் நோக்கி ஓடும் யோன் ஆற்றையும் அட்லாண்டிக்கில் கலக்கும் லுவார் ஆற்றையும் ஒரு மேட்டைக் கடந்து இணைக்கிறது. இப்போது இதில் சரக்குப் போவதில்லை. உல்லாசப் படகுகள் நடைவேகத்தில் நகர்கின்றன. முன்பு படகுகளைக் கரையிலிருந்து இழுத்துச் சென்ற பாதையின் பெரும்பகுதி இன்று சைக்கிள் பாதையாக இருக்கிறது.

பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து ஒசேருக்குப் பிராந்திய ரயிலில் போனோம். சைக்கிள்களைப் பிரிக்காமல், தனிக் கட்டணம் இல்லாமல் ஏற்ற முடிந்தது. அதிவேக ரயிலாக இருந்தால் பிரித்துப் பையில் கட்டவோ முன்பதிவு செய்து பணம் கட்டவோ வேண்டியிருக்கும். ஆகவே செலவைப் பார்ப்பவர்கள் மெதுவான ரயிலையே தேடுங்கள்.

முதல் நாள் சமதளம். கால்வாயைவிட்டு விலகி இரான்சி கிராமத்துக்கு ஏறியது மட்டும் சற்று மூச்சு வாங்க வைத்தது. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே செர்ரி மரங்கள் நிற்கும் ஊர் அது. ஜூன் மாதம் என்பதால் ஒரு வீட்டு வாசலில் பழக்கூடை வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அரைக் கிலோ வாங்கி, மாலையில் சோசுவா சுண்ணாம்புப் பாறைகளுக்குக் கீழே உட்கார்ந்து தின்றோம். யோன் ஆற்றின்மேல் செங்குத்தாக நிற்கும் அந்தப் பாறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருந்தார்கள். இருட்டும்வரை அங்கேயே இருந்தோம்.

மறுநாள் வெஸெலே. கால்வாயிலிருந்து விலகி மலையேற வேண்டும். 1146 இல் பெர்னார்ட் என்ற துறவி இரண்டாம் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்த ஊர் இது. குன்றின் உச்சியில் உள்ள மகதலேனா மரியாள் பெருங்கோவில் 1979 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக உள்ளது. கோவிலுக்குள் கல்வளைவுகளின் வழியே விழும் வெளிச்சத்துக்காக அந்த ஏற்றம் தகும். ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. கோவிலுக்குப் போகும் முக்கியத் தெரு முழுக்கச் சுற்றுலாக் கூட்டம், காப்பி விலையும் அதற்கேற்றபடி. ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டோம்.

கிளாம்சியைப் பற்றி எந்த வழிகாட்டியும் எங்களிடம் உற்சாகமாகச் சொல்லவில்லை. எனக்கோ இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த ஊர் அதுதான். 16 ஆம் நூற்றாண்டு முதல் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பாரிசின் அடுப்புகளும் கணப்புகளும் இந்த ஊர் வழியாகப் போன விறகில்தான் எரிந்தன. மொர்வானில் வெட்டிய கட்டைகளின் முனையில் உரிமையாளரின் முத்திரையை அடித்துச் சிற்றோடைகளில் தள்ளுவார்கள். மேலே தேக்கிய நீரைத் திறந்துவிட்டால் கட்டைகள் வெள்ளத்தோடு கீழே வரும். கிளாம்சியில் ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் தண்ணீரில் இறங்கி, முத்திரை பார்த்துப் பிரித்து அடுக்குவார்கள். பிறகு அவற்றைச் சுமார் 70 மீட்டர் நீளமுள்ள மிதவைகளாகக் கட்டி, ஆற்றோடு பாரிஸ் வரை ஓட்டிச் செல்வார்கள். விறகை ஒப்படைத்த பின் மிதவையோட்டிகள் கால்நடையாகவே ஊர் திரும்பினார்கள் என்று அறிந்தபோது, கியர் வைத்த சைக்கிளில் அதே பள்ளத்தாக்கில் வந்திருந்த நாங்கள் இருவரும் சற்று நேரம் பேசவில்லை. பெத்லகேம் பாலத்தின்மேல் அந்தத் தொழிலாளர்களுக்கு ஒரு சிலை இருக்கிறது. பாலத்தின் பெயருக்கும் காரணம் உண்டு. பாலஸ்தீனத்தைவிட்டு வெளியேற நேர்ந்த பெத்லகேம் ஆயர்கள், பிரெஞ்சுப் புரட்சி வரை தலைமுறை தலைமுறையாக இந்தச் சிற்றூரில்தான் இருந்தார்கள்.

திங்கட்கிழமையைப் பற்றிக் கட்டாயம் எச்சரிக்க வேண்டும். பிரெஞ்சுக் கிராமங்களில் ஞாயிறு மதியத்தோடு மூடும் கடைகளில் பல திங்களன்றும் திறப்பதில்லை. மற்ற நாள்களிலும் மதியம் இரண்டு மணி நேரம் சாத்தியே இருக்கும். இது தெரிந்தும், அடுத்த ஊரில் ரொட்டிக் கடை இருக்கும் என்று நம்பிப் புறப்பட்டோம். முதல் ஊரின் கடை மூடியிருந்தது, இரண்டாவது ஊரில் கடையே இல்லை, மூன்றாவது ஊரில் ரொட்டி விற்கும் தானியங்கிப் பெட்டி காலியாக நின்றது. வெயில் ஏறி, குடிநீரும் தீர்ந்துவிட்டது. நம்மைக் காப்பாற்றப்போவது கல்லறைத் தோட்டம்தான் என்றான் தம்பி. அவன் பிரான்சில் சில ஆண்டுகளாக வேலை பார்ப்பவன். கல்லறைப் பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக ஊர்தோறும் கல்லறைத் தோட்டத்து வாயிலருகே குழாய் இருக்கும், குடிக்க ஆகாத நீர் என்றால் பெரும்பாலும் எழுதிப் போட்டிருப்பார்கள் என்று விளக்கினான். அப்படியே இருந்தது. அந்தக் குளிர்ந்த நீரைக் குடித்துவிட்டு, பையின் அடியில் கிடந்த பிஸ்கட்டோடு மாலை வரை ஓட்டினோம்.

அந்தப் பட்டினியால்தானோ என்னவோ, செவ்வாய் மதியம் ஷாத்தியோன்-ஆன்-பஸுவா அருகே ஒரு சிறு உணவகத்தில் கிடைத்த சாப்பாட்டை இப்போதும் நாக்கு மறக்கவில்லை. வாசலில் லாரிகள் நின்றன. உழைப்பவர்கள் சாப்பிடும் இடம் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆளுக்கு 16 யூரோவுக்கு முதலில் சிவப்புத் திராட்சைமதுக் குழம்பில் வேகவைத்த முட்டை, அடுத்து உருளைக்கிழங்கோடு கோழி, பிறகு பாலாடைக்கட்டித் தட்டு, கடைசியில் செர்ரிப் பழப் பணியாரம். ரொட்டிக்கூடை காலியாகும்போதெல்லாம் பரிமாறிய அம்மையார் கேட்காமலேயே நிரப்பினார். முட்டைக் குழம்பின் கடைசித் துளியை ரொட்டியால் வழித்து உண்டோம். பக்கத்து மேசைக்காரரும் அதையே செய்தார். பாரிசில் இந்தப் பணத்துக்கு ஒரு சாண்ட்விச்சும் குளிர்பானமும்தான் கிடைத்திருக்கும்.

இடையில் நான் கடந்துவிட்ட சார்தி ஏற்றத்துக்கும் லா கொலான்செல் சுரங்கங்களுக்கும் திரும்ப வேண்டும், ஏனென்றால் இந்த வழியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சார்தியில் ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர் தொலைவுக்குள் 16 மதகுகள் படிக்கட்டுபோல அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொன்றிலும் படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை மூடி, மேலிருந்து நீர்விட்டு உயர்த்தி, மேல்க்கதவைத் திறந்துவிடுகிறார்கள். ஒரு மதகில் படகு எழும்புவதைப் பார்த்துவிட்டு மிதித்தால், நாங்கள் மேட்டின் தலைக்கு வந்த பின்பும் அதே படகு கீழே இரண்டாம் மதகில்தான் இருந்தது. சரிவு சைக்கிளுக்குக் கடினமே இல்லை. மேட்டின் உச்சியில் மலையைக் குடைந்து மூன்று சுரங்கங்கள் வெட்டியிருக்கிறார்கள். நீளமானது 758 மீட்டர். சுரங்கத்துக்குள் படகுக்கு மட்டுமே வழி. சைக்கிளில் வருபவர்கள் காட்டுக்குள் மேலே ஏறிக் கடக்க வேண்டும். சுரங்கங்களுக்கு நடுவே பாறையை ஆழமாக வெட்டிய பள்ளத்தின் இருபுறமும் பாசியும் பெரணியும் படர்ந்து, நண்பகலிலும் பச்சை நிழல். வெடிமருந்தாலும் கைக்கருவிகளாலும் வெட்டிய பள்ளம் அது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு இறங்கிப் போய், ஒரு படகு சுரங்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு வருவதைப் பார்த்தோம். படகிலிருந்த முதியவர் எங்களைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். மேட்டுக்கு நீர் தரும் ஏரிகளில் ஒன்றான ‘பே’ (Baye) என்ற ஏரியின் கரையில்தான் அன்று இரவு கூடாரம் போட்டோம்.

தெற்குப் பாதியில் பாதை ஒரே சீராக இல்லை. சில இடங்களில் தார், சில இடங்களில் பொடிச்சரளை, மழை பெய்த இடங்களில் புல்லும் சேறும். மெல்லிய பந்தயச் சக்கரங்களோடு வராதீர்கள். கரைப்பாதை மோசமான இடங்களில், வரைபடத்தில் வெள்ளைக் கோடாகக் காட்டப்படும் கிளைச் சாலைகளுக்கு மாறினோம். வேலிக்கு அப்பால் வெள்ளை நிறச் சரோலே மாடுகள் தலை நிமிர்த்திப் பார்த்தன. அரை மணிக்கு ஒரு கார் வந்தது. ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது அங்கே சட்டம். எங்களைக் கடந்த டிராக்டர்கள்கூட அதைவிடத் தாராளமாக விலகிப் போயின. உணவு, கூடாரத் தளம், ரயில் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 45 யூரோவுக்குள் முடிந்தது. வாடகையும் அந்த 60 யூரோவும் தனி.

புதன் பிற்பகல் தெசீஸ் வந்து சேர்ந்தோம். கடைசி மதகைத் தாண்டிக் கால்வாய் லுவாரில் கலக்கும் இடத்தில் மணல்திட்டுகளுக்கு நடுவே ஆறு அகலமாகக் கிடந்தது. நெவேர் வழியாகப் பாரிசுக்கு ரயில் இன்னும் இரண்டு மணி நேரத்தில் இருந்தது. அதுவரை இருவரும் செருப்பைக் கழற்றி, முழங்கால் அளவு நீரில் நின்றோம்.