மெஷினுக்கு எங்கட கிணத்தைத் தெரியாது

போன வருசம் அண்ணா ரொறன்ரோவிலிருந்து வந்து நின்றபோது அம்மாவுக்கு ஒரு வோஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். முன்பக்கக் கதவு, எட்டுக் கிலோ. அதன் பெரிய பெருமை, சவர்க்காரத்தை நாங்கள் அளந்து போடத் தேவையில்லை என்பது. இழுப்பறைக்குள் இரண்டு சின்னத் தாங்கிகள். ஒன்றில் வோஷிங் லிக்குயிட், மற்றதில் வாசத்துக்கு ஊற்றுகிற சொஃப்ற்னர். ஒருமுறை நிரப்பிவிட்டால் பல தடவைக்கு அதுவே எடுத்துக்கொள்ளும், நீங்கள் உடுப்பைப் போட்டுச் சுவிச்சை அமத்தினால் சரி என்று கடைக்காரர் சொன்னார்.

அம்மா மெஷினை ஒருக்கால் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி. "உதுக்கு எங்கட கிணத்துத் தண்ணியைத் தெரியுமோ?"

அண்ணா சிரித்தான், நானும்தான். மூன்றாம் மாதம் துவாய்கள் கருவாடு மாதிரி விறைக்கத் தொடங்கின. அப்பாவின் வெள்ளை வேட்டி சாம்பல் பூத்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, வேட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு பழையபடி கிணற்றடிக் கல்லில் தோய்க்கப் போய்விட்டா. அது திட்டு வாங்குவதை விட மோசம்.

கரண்ட் இல்லாத ஒரு பின்னேரம் மெஷினோடு வந்த புத்தகத்தை உட்கார்ந்து வாசித்தேன். இந்தத் தானியங்கி வித்தை எதை அளக்கிறது என்று பார்த்தால், முதலில் உடுப்பின் எடை. தொட்டியைச் சுற்ற மோட்டர் எவ்வளவு முக்குகிறது, துணி எவ்வளவு தண்ணீரை உறிஞ்சுகிறது என்பதை வைத்து அதைக் கணக்குப் போடுகிறது. சில மெஷின்களில் தண்ணீருக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சி எவ்வளவு கலங்கல் என்று பார்க்கிற சென்சரும் உண்டு. ஆனால் தண்ணீரின் கடினத்தை, அதாவது அதில் எவ்வளவு சுண்ணாம்பு கரைந்திருக்கிறது என்பதை, எங்கள் மெஷின் அளக்காது. அதை நாங்கள்தான் சொல்ல வேண்டும்: மென்மை, நடுத்தரம், கடினம் என்று மூன்று படி. அதோடு சாதாரண ஒரு சுமைக்கு எத்தனை மில்லிலீற்றர் என்று போத்தலின் பின்பக்கத்தைப் பார்த்து ஒரு அடிப்படை எண்ணும் கொடுக்க வேண்டும். எடைக்கு ஏற்ப மெஷின் கூட்டுவதும் குறைப்பதும் அந்த எண்ணைத்தான். எங்களுடையதில் வந்தபடியே 50, நடுத்தரம் என்று கிடந்தது. ஒன்ராறியோ ஏரித் தண்ணீர் குடிக்கிற அண்ணாவுக்கு அது சரியாக இருக்கும். நாங்கள் இருப்பது யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில்.

யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு என்று ஒன்றும் கிடையாது. மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அதைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. கேத்திலுக்குள் படிகிற வெள்ளைப் படையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தூளோ லிக்குயிட்டோ, போடுகிறதில் ஒரு பங்கு தண்ணீரில் இருக்கிற கல்சியத்தையும் மக்னீசியத்தையும் சமாளிக்கவே செலவாகிவிடும், மிச்சம்தான் அழுக்குக்கு. அந்த மிச்சம் போதாமல் போனால் கழன்ற அழுக்கும் சுண்ணாம்பும் திரும்பத் துணியிலேயே படியும். துவாய் கருவாடானது இப்படித்தான்.

நம்பாதவர்கள் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வாளியை முற்றத்தில் வையுங்கள். இரண்டு போத்தல், ஒன்றில் மழைத் தண்ணீர், மற்றதில் கிணற்றுத் தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவு பார் சவர்க்காரத்தைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். மழைத் தண்ணீர் நுரைத்துப் பொங்கும். கிணற்றுத் தண்ணீர் தயிர் திரைந்த மாதிரி வெள்ளைத் துணிக்கைகளோடு நிற்கும். அம்மா இதைக் கையாலேயே அறிந்து வைத்திருக்கிறா, மாரியில் பீலித் தண்ணீர் பிடித்தால் சவர்க்காரத்தைக் குறைத்துப் போடுவா.

கடினம் என்று மாற்றி, எண்ணையும் 75 ஆக்கினேன். இரண்டு கிழமையில் துவாய் துவாயானது. ஆனால் கண்ணாடிக்குள் நுரையைக் காணவில்லை என்ற அம்மாவின் முறைப்பாடு இன்னும் தீரவில்லை. முன்கதவு மெஷினில் உடுப்பு மேலிருந்து விழுந்து அடிபட்டால்தான் அழுக்குப் போகும், நுரை கூடினால் மெத்தையில் விழுந்த மாதிரி ஆகிவிடும் என்று நூறு தரம் சொல்லிவிட்டேன்.

இடையில் நானும் ஒரு கூத்து ஆடினேன். பழைய லிக்குயிட் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே, மலிவாய்க் கிடைத்த வேறொரு லிக்குயிட்டை அதே தாங்கிக்குள் ஊற்றினேன். இரண்டும் சேர்ந்து ஜெலி மாதிரி இறுகி, குழாயை அடைத்துவிட்டது. மெஷினுக்கு அது விளங்கவில்லை, தாங்கி நிறைய இருக்கிறது என்று நினைத்து மூன்று முறை வெறும் தண்ணீரில் அலசித் தந்தது. பிடித்தது அம்மாதான், கொடியில் காயப்போடும்போது. "பிள்ளை, இதில சவுக்கார மணமே இல்லை." பிறகு தாங்கியைக் கழற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீரும் பழைய பல்துலக்கியுமாய் ஒரு மணித்தியாலம். லிக்குயிட் மாற்றுவதென்றால் முதலில் தாங்கியைக் கழுவிக் காயவைத்துவிட்டு ஊற்றுங்கள். தூளை அதற்குள் போடவே கூடாது.

வெள்ளை உடுப்புத்தான் இன்னும் சண்டை. லிக்குயிட்டில் பொதுவாக வெளுக்கும் சரக்கு இருக்காது, சவர்க்காரத்தோடு ஒரே போத்தலில் அது நாள்பட நிலைக்காது. ஜேர்மன் கொம்பனியான மீலே இதற்காகவே இரண்டையும் இரண்டு புட்டியில் பிரித்து வைத்து, தேவையான நேரத்தில் இரண்டாவதை விடுகிற மாதிரி செய்திருக்கிறது. அந்த விலைக்கு நாங்கள் எங்கே போவது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளுக்குத் தானியங்கியை நிறுத்திவிட்டு, வெளுக்கும் சரக்குச் சேர்ந்த தூளைக் கையால் அளந்து போடுகிறேன்.

வேட்டி மட்டும் இன்னும் கிணற்றடியில்தான். நேற்றுக் கேட்டேன், "அம்மா, இப்ப நல்லா வெளுக்குது, போட்டுப் பாப்பமே?" நீலப் போத்தலைக் குலுக்கிக்கொண்டே, "நல்லூர்த் திருவிழா முடியட்டும்" என்றா.