அம்மாவின் இரைப்பைப் புண்: எண்டோஸ்கோப்பியிலிருந்து மூச்சுப் பரிசோதனை வரை

அம்மாவுக்கு இரைப்பையில் புண் என்று தெரிந்ததிலிருந்து, அது ஆறிவிட்டது, கிருமியும் போய்விட்டது என்று டாக்டர் சொன்னது வரை நடந்ததை எழுதி வைக்கிறேன். எங்கள் சொந்தக்காரர்களிலேயே பலர் வருடக்கணக்கில் கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். அவர்களில் ஒருவராவது இதைப் படித்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அம்மா அறுபதைத் தாண்டியவள். வயல் வேலை பார்த்து முழங்கால் தேய்ந்துபோன உடம்பு. ஊர் மெடிக்கலில் மூட்டு வலிக்கு ஒரு மாத்திரை, அது வயிற்றைக் கெடுக்காமல் இருக்க இன்னொன்று என்று சீட்டு இல்லாமலே கொடுப்பார்கள். முதலாவது டைக்ளோஃபெனாக், இரண்டாவது பான்டோபிரசோல். மேல் வயிற்றில் எரிச்சல், புளித்த ஏப்பம், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது எல்லாமே அவளுக்கு "வாயு"தான். ஓமத் தண்ணி குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள்.

பிறகு ஒரு நாள் போனில், "ரெண்டு நாளா கருப்பா போகுதுப்பா, தாரு மாதிரி ஒட்டுது. எந்திரிச்சா கண்ணைக் கட்டுது" என்றாள். அன்றைக்கே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இரைப்பையில் கசியும் ரத்தம் குடல் வழியாக இறங்கும்போது செரித்துக் கருத்துவிடும், அதனால் சிவப்பாகத் தெரியாது என்று அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சொன்னார். ஹீமோகுளோபின் 7.8. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். ரத்தம் ஏற்றும் அளவுக்கு இன்னும் இறங்கவில்லை என்று, நரம்பு வழியாக அமிலத்தைக் குறைக்கும் மருந்தை ஏற்றி, மறுநாள் காலை எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு இரைப்பையைப் பார்ப்பது, என்றார்கள்.

குழாயை விழுங்க வேண்டும் என்றதும் அம்மா என் கையை விடவே இல்லை. முந்தின இரவோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். தொண்டையில் கசப்பான ஒரு ஸ்பிரே அடித்தார்கள், கொஞ்ச நேரத்தில் நாக்கும் தொண்டையும் மரத்துப் போனது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பல்லுக்கு இடையில் பிளாஸ்டிக் வளையத்தை வைத்தார்கள். குழாய் சுண்டு விரல் கனம் இருக்கும். உள்ளே போகும்போது இரண்டு மூன்று முறை குமட்டியது, கண்ணில் தண்ணீர் வந்தது. "எச்சிலை முழுங்காதீங்கம்மா, வெளிய ஒழுக விடுங்க. மூக்கு வழியா மூச்சு விடுங்க" என்று நர்ஸ் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து அம்மா சொன்னது, "இதுக்கா இம்புட்டு பயந்தேன்?" மரத்த உணர்வு போகும் வரை தண்ணீர்கூடத் தரக் கூடாது, புரையேறிவிடும்.

இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஒரு புண். அடி சுத்தமாக இருந்தது, ரத்தக்குழாய் எதுவும் வெளியே தெரியவில்லை, அதனால் ரத்தத்தை நிறுத்தும் கிளிப் போட வேண்டியிருக்கவில்லை. ஆனால் புண்ணின் ஓரத்திலிருந்து துணுக்குகள் எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் புண் புற்றுநோயாக இருப்பது மிக அரிது. இரைப்பைப் புண் அப்படியல்ல. சாதாரணப் புண் போலவே தெரியும் புற்றுநோயும் உண்டு, கண்ணால் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. ரிப்போர்ட் வரும் வரை வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. புற்றுநோய் இல்லை என்றுதான் வந்தது.

இன்னொரு துணுக்கை மஞ்சள் நிற ஜெல் உள்ள சின்னப் பெட்டியில் வைத்தார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருந்தால் அது யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கும், மஞ்சள் இளஞ்சிவப்பாக மாறும். அம்மாவுடையது மாறவில்லை. டாக்டர் அதை நம்பவில்லை. பான்டோபிரசோல் போன்ற கேஸ் மாத்திரை தொடர்ந்து போட்டிருந்தாலும், ரத்தம் கசிந்திருந்தாலும் இந்தச் சோதனை பொய்யாக "இல்லை" என்று காட்டலாமாம். இரைப்பையின் வேறு வேறு இடங்களிலிருந்து எடுத்த துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது கிருமி இருந்தது. பரிசோதனைக்குப் போகிறவர்கள் என்னென்ன மாத்திரை போடுகிறோம் என்பதை ஒன்று விடாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அல்சர் என்றாலே காரமும் கவலையும்தான் காரணம் என்று நம் ஊரில் இன்னும் சொல்கிறார்கள். 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் எளிதில் ஒப்புக்கொள்ளாததால், 1984-இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி இருக்கும் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் வருவதில்லை. ஆனால் புண் வந்தவர்களுக்கு அதை ஒழித்தே ஆக வேண்டும். இரைப்பைப் புற்றுநோய்க்கும் அது ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே அறிவித்துவிட்டது. அம்மாவுக்குக் கிருமியும் வலி மாத்திரையும் சேர்ந்து புண்ணை உண்டாக்கிவிட்டன.

சிகிச்சையில் கஷ்டமான பகுதி அந்த 14 நாள்தான். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, பிஸ்மத், ஆன்டிபயாடிக்குகளான டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் என்று நாலு மருந்து. ஒரு நாளில் போட வேண்டிய மாத்திரைகளை உள்ளங்கையில் பார்த்ததுமே அம்மாவுக்கு மலைப்பாகிவிட்டது. தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் நாலு வேளைக்கும் கட்டம் போட்டு, போடப் போட டிக் அடித்தோம். அமில மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். டெட்ராசைக்ளினை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது. அதோடு பாலும் இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தால் மருந்து உடம்பில் ஏறாது. அதனால் ரத்தசோகைக்கான மாத்திரையை அந்த 14 நாளும் தள்ளி வைத்தார்கள். வயிற்றுப்புண்ணுக்குப் பால்தான் மருந்து என்று சொல்லி வந்த சித்தியை சமாதானப்படுத்தத்தான் நேரமானது.

வாயெல்லாம் இரும்பைக் கடித்த ருசி, குமட்டல், சாப்பாட்டில் வெறுப்பு. நாக்கு கறுத்துவிட்டது. மலமும் மறுபடி கருப்பாகப் போக, அம்மா அழுதேவிட்டாள். பிஸ்மத் அப்படித்தான் செய்யும் என்று முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் தாங்கினோம். ரத்தம் என்றால் பிசுபிசுப்பும் பளபளப்பும் கெட்ட நாற்றமும் இருக்கும், தலைசுற்றலும் வரும். அப்படி இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாதியில் எரிச்சல் நின்றதும், "அதான் சரியாப் போச்சே, போதும்பா" என்றாள். அரைகுறையாக நிறுத்தினால் மிஞ்சிய கிருமிக்கு அந்த மருந்தே பழகிவிடும், அடுத்த முறை கேட்காது. கெஞ்சித்தான் முடிக்க வைத்தேன்.

எட்டு வாரம் கழித்து மறுபடி எண்டோஸ்கோப்பி. புண் இருந்த இடத்தில் வெளிறிய தழும்பு மட்டும்தான். கிருமி போனதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை. ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது நாலு வாரமும், அமில மாத்திரை நிறுத்தி இரண்டு வாரமும் ஆகியிருக்க வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் நெஞ்செரிச்சல் திரும்பி வந்தது. அமிலத்தை மட்டுப்படுத்தும் சிரப்போடு சமாளித்தாள். சோதனையில் வலியே இல்லை. ஒரு பையில் ஊதி, யூரியா கலந்த தண்ணீரைக் குடித்து, அரை மணி நேரம் கழித்து இன்னொரு பையில் ஊதினாள். கிருமி இருந்து யூரியாவை உடைத்தால் அது மூச்சில் தெரிந்துவிடும். "கிருமி இல்லை" என்று வந்தது. எங்களுக்குத் தெரிந்த எத்தனையோ பேர் வலி போனதும் இந்தக் கடைசிப் பரிசோதனையை விட்டுவிடுகிறார்கள். நானே வற்புறுத்தித்தான் தேதி வாங்கினேன்.

இப்போது ஹீமோகுளோபின் 11.4, இரும்புச்சத்து மாத்திரை இன்னும் ஓடுகிறது. முழங்கால் வலி போகவில்லை. அதற்கு பாராசிட்டமால், மேலே தடவும் ஜெல், பிசியோதெரபியில் சொல்லிக்கொடுத்த தொடைப் பயிற்சி. ஆஸ்பத்திரி நோட்டின் முதல் பக்கத்தில் "டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை தரக் கூடாது" என்று டாக்டர் சிவப்பில் எழுதியிருந்ததை ஊர் மெடிக்கலில் காட்டி, அம்மா வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.