ஓவனைத் தமிழில் வைத்துப் பார்க்கிறேன்

பிப்ரவரி 3
முதல் உலகப் போரில் சண்டையிட்ட ஆங்கிலக் கவிஞர் வில்ஃப்ரட் ஓவனின் தொகுப்பை மொழிபெயர்க்க மறுபடி எடுத்தேன். 1918 நவம்பர் 4-ல், போர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, 25 வயதில் செத்தவர். புத்தகம் 1920-ல்தான் வந்தது. தன் பொருள் போரும் அதன் 'பிட்டி'யும் (pity) என்று முன்னுரைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டேன். 'இரக்கம்' என்றால் மேலே நின்று குனிந்து பார்ப்பது போலிருக்கிறது. 'பரிதாபம்' பேசிப் பேசித் தேய்ந்துவிட்டது. இப்போதைக்கு 'அவலம்'. அழுகைக்குத் தொல்காப்பியர் சொல்லும் இளிவு, இழவு, அசைவு, வறுமை நான்கும் அந்தப் பதுங்குகுழிகளில் கிடக்கின்றன.

பிப்ரவரி 4
ஒரு வரிகூட நகரவில்லை.

பிப்ரவரி 6
செத்தவன் பாதாளத்தில் தான் கொன்ற எதிரியையே சந்திக்கும் கவிதை. இதில் ஓவன் 'ஹால்', 'ஹெல்' என்று மெய்யை வைத்துக்கொண்டு உயிரை மட்டும் மாற்றி இயைபு போடுகிறார். காது ஒன்றை எதிர்பார்க்க, வேறொன்று வந்து விழுகிறது. நம் எதுகையில் முதலெழுத்து குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் நிற்கவேண்டும். சரி, வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தேன்: கொல், கோல், கால். வாத்தியார் பார்த்தால் அடிப்பார். ஆனால் அந்த நொண்டல் வந்துவிட்டது.

பிப்ரவரி 7
1936-ல் ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் தொகுத்த கவிதை நூலில் ஓவனுக்கு இடமில்லை. வெறுமனே துன்பப்படுவது கவிதைக்குப் பொருளாகாதாம். எரிச்சலில் கலிங்கத்துப்பரணியைப் புரட்டினேன். களத்துப் பிணங்களில் பேய்கள் கூழ் அடும் பகுதியைக் கல்லூரியில் சிரித்துக்கொண்டே படித்தோம். கோரத்துக்கு அங்கே குறைவே இல்லை, ஆனால் அந்தக் கூழை உண்டு பேய்கள் வாழ்த்துவது வென்ற சோழனை. ஓவனிடம் வாழ்த்த ஆள் கிடையாது.

பிப்ரவரி 9
நச்சுப்புகைக் கவிதை. போருக்கு ஆள்சேர்க்கும் பாட்டெழுதிய ஜெஸ்ஸி போப்புக்கு என்றுதான் முதலில் குறித்துவைத்திருந்தார். முகமூடி மாட்டத் தாமதித்த ஒருவன் பார்க்கிறவனின் முகமூடிக் கண்ணாடிக்கு அப்பால், பச்சை வெளிச்சத்தில், கடலில் மூழ்குகிறவன் போலத் தவிக்கிறான். அவனை வண்டியில் ஏற்றும் இடத்தை "கிடத்தினோம்" என்று எழுதியிருந்தேன். இரண்டு நாளாக உறுத்தியது. இன்று மூலத்தை மறுபடி பார்த்தேன். கிடத்தவில்லை, வீசியிருக்கிறார்கள். மரியாதையை நானாகச் சேர்த்திருக்கிறேன், 'வீரமரணம்' என்று எழுதிப் பழகிய கை.

அடித்துவிட்டு எழுதினேன்: "தூக்கிப் போட்டோம்."