விருந்துக்கென்றே ஒரு வீடு

ஸ்டாக்ஹோமில் ரயில் ஏறி வடக்கே பொல்னெஸ் வரை போனேன். அங்கிருந்து வால்ஸ்டா கிராமம் கிட்டத்தில்தான். ஜூலை மாதம், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். காடு, ஏரி, அதன் ஓரமாகப் புல்வெளி. அந்தப் புல்வெளிகளுக்கு நடுவே இரண்டு மாடி மரவீடுகள், பெரிது பெரிதாக. ஜமீன் மாளிகைகள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, எல்லாமே விவசாயிகள் கட்டியவை.

இந்த வட்டாரத்துக்கு ஹெல்சிங்லாந்து என்று பெயர். நிலமும் காடும் குடியானவர்களுக்கே சொந்தமாக இருந்தன. காட்டு மரத்தில் பணம் வந்தது; ஆளிச் செடி பயிரிட்டு, நாரெடுத்து, லினன் நெய்து விற்றதிலும் வந்தது. அந்தப் பணம் 19-ஆம் நூற்றாண்டில் வீடாக எழுந்து நின்றது. இன்னும் சுமார் ஆயிரம் வீடுகள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஏழு பண்ணைகளை 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

வால்ஸ்டாவில் இருக்கும் யெஸ்ட்யீவர்ஸ் பண்ணை அந்த ஏழில் ஒன்று. முற்றத்தைச் சுற்றிக் கட்டடங்கள். அவற்றில் ஒன்றுக்குள் கூட்டிப்போன வழிகாட்டிப் பெண், "இங்கே யாரும் தினப்படி குடியிருந்ததில்லை, இது விருந்துக்கு" என்றார். எனக்குச் சட்டென்று புரியவில்லை. கல்யாணம், பெரிய பண்டிகை, வெளியூர் விருந்தாளி என்றால்தான் இந்த அறைகளைத் திறப்பார்களாம். மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கும். சில குடும்பங்கள் இதற்கென்றே தனி வீடு கட்டின. வேறு சில, குடியிருந்த வீட்டிலேயே ஒரு பகுதியை ஒதுக்கி வைத்தன.

சுவர்களுக்கு வண்ணம் தீட்டியவர் யூனாஸ் வால்ஸ்ட்ரோம் என்ற உள்ளூர் ஓவியர். நெருங்கிப் போய்ப் பார்த்தேன். பூ வடிவம் வெட்டிய தகட்டை வைத்துத் தூரிகையால் ஒற்றிய பூக்கள் வரிசை வரிசையாக. தூரத்தில் நின்றால் விலையுயர்ந்த சுவர்த்தாள் போலத்தான் இருக்கிறது. பக்கத்தில் போனால் ஒரு பூவில் வண்ணம் கெட்டியாகவும் அடுத்ததில் மெலிந்தும் இருக்கிறது, தூரிகையில் வண்ணம் தீர்ந்து தீர்ந்து மறுபடி தொட்டுக்கொண்டது அப்படியே தெரிகிறது. அந்த இடத்தைவிட்டு நகர எனக்கு மனமே வரவில்லை. பட்டணத்துப் பணக்காரர்கள் பட்டும் பளிங்கும் வாங்கினார்கள். இவர்கள் பைன் பலகையின் மேலேயே அவற்றைத் தீட்டச் சொன்னார்கள். எனக்கென்னவோ இதுதான் அழகு.

பக்கத்து மாகாணமான டாலர்னாவிலிருந்தும் ஓவியர்கள் வேலை தேடி ஊர் ஊராக வந்திருக்கிறார்கள். பைபிள் காட்சிகளை வரையும்போது அதிலுள்ளவர்களுக்குத் தங்கள் காலத்து உடையையே மாட்டிவிட்டார்கள். பெரும்பாலானவர்களின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை என்பது வருத்தம்தான்.

மறுநாள் ஆல்ஃப்தா அருகே லோங்ஹெட் கிராமம். அங்கே யூன்-லார்ஸ் வீட்டை வெளியே நின்று பார்த்ததோடு சரி. இரண்டு சகோதரர் குடும்பங்களுக்காகக் கட்டிய ஒரே வீடு, பிரம்மாண்டம்.

அப்புறம் ஃபோகெல்ஷே. காட்டுக்குள் வெகுதூரம் போக வேண்டும், 17-ஆம் நூற்றாண்டில் பின்லாந்திலிருந்து வந்தவர்கள் குடியேறிய ஊர். அங்கிருந்த குடும்பம் 1910-இல் அதே பண்ணையில் புது வீடு கட்டிக்கொண்டு போனது. பழைய வீட்டை இடிக்கவில்லை, காலி செய்யவுமில்லை. சாமான்களை அப்படி அப்படியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஓவியத்தையும் சாமான்களையும் இருந்த இடத்திலேயே பார்த்தேன். வெளியே வந்ததும் வழிகாட்டி கதவைப் பூட்டினார். நான் திண்ணைப் படியில் உட்கார்ந்து, எதிரே இருந்த அந்தப் புது வீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.