திசையன்விளை வழியாகப் பெரிய மெகல்லன் மேகத்துக்கு

திசையன்விளையிலிருந்து உவரிக்கு ஆட்டோ வாடகை 500 ரூபாய் என்று கேட்டவர், நான் முகம் சுளித்ததும், “ராத்திரி திரும்பச் சவாரி கிடைக்காதுல்லா அண்ணாச்சி” என்று நியாயமும் சொன்னார். திருநெல்வேலியிலிருந்து அதுவரை வந்த பேருந்துக் கட்டணத்தைவிட இது பல மடங்கு. பகல் கொள்ளை என்பதைத் தவிர வேறு பெயர் இதற்கில்லை. ஆனால் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில், அமாவாசையை ஒட்டி இவ்வளவு தெளிந்த வானம் மறுபடி எப்போது வாய்க்குமோ என்ற அச்சத்தில் பேரத்தை வளர்க்காமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

நான் பார்க்க வந்தது பெரிய மெகல்லன் மேகத்தை. ஏறக்குறைய 1,60,000 ஒளியாண்டு தொலைவில், நமது பால்வெளிக்குத் துணையாக உள்ள சிறிய விண்மீன் திரள் அது. தென்வானின் கடைக்கோடியில் இருப்பதால் டெல்லியில் அது அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. சென்னையில் ஏழு பாகை உயரத்துக்குள் விளக்கொளியிலும் புகையிலும் தொலைந்துபோகிறது. உவரியிலோ தெற்கே கடலைத் தவிர வேறொன்றும் இல்லாததால் பன்னிரண்டு பாகை வரை ஏறிவருவதைத் தடையின்றிக் காணலாம். தென்கோடியில் பிறந்ததற்கு இப்படியும் ஒரு பலன் உண்டு.

இரவு பத்து மணியை நெருங்கும் வேளையில், பொதிகை முனிவரின் பெயரைத் தாங்கிய அகத்திய விண்மீனைத் தெற்கே கண்டுகொண்டு, அங்கிருந்து நீட்டிய கையால் ஒரு சாண் அளவு வலப்புறமாகக் கீழே இறங்கினால், வெளிறிய தேமல்போல ஒரு திட்டு தென்படும். பைனாகுலரில் அதன் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் தடித்து ஒளிர்ந்தது. அதுதான் டரான்டுலா நெபுலா. இன்றும் விண்மீன்கள் கூட்டங்கூட்டமாகப் பிறக்கும் வாயுப் பரப்பு.

இத்தகைய திரள்கள் எப்படித் தோன்றின என்பதைக் கடற்கரை மணலில் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கும்போது ஆட்டோக்காரர் மீதிருந்த கோபம் பெருமளவு தணிந்தது. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள். அதன் 3,80,000ஆவது ஆண்டளவில் வாயு எங்கும் ஏறக்குறைய ஒரே சீராகப் பரவியிருந்தது. இடத்துக்கு இடம் காணப்பட்ட வெப்பநிலை வேறுபாடு லட்சத்தில் ஒரு பங்களவே. அந்த அற்ப ஏற்றத்தாழ்வைப் பற்றிக்கொண்டு கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் முதலில் திரண்டது; பின்னர் வாயு அத்திரட்சிகளுக்குள் விழுந்து, தன் வெப்பத்தை ஒளியாக இழந்து குளிர்ந்து, சுழற்சியால் தட்டையான வட்டாகப் படிந்து, விண்மீன்களை ஈன்றது. ஒளியை உமிழத் தெரியாத கரும்பொருளோ வெப்பத்தைக் கழிக்க வழியின்றி, பரந்த கோளமாகச் சுற்றிலும் நின்றுவிட்டது. பிரபஞ்சத்துக்கு 30 கோடி வயதுகூட நிரம்பாத காலத்துத் திரள்களை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டிருக்கிறது. அவை எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமாக இருந்ததால் ஆய்வாளர்கள் தங்கள் கணக்குகளைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். விண்மீன் பிறப்பு உச்சத்தை எட்டியது சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அதன்பின் இறங்குமுகம்தான்.

பெரிய திரள்கள் சிறியவற்றை விழுங்கியே வளர்ந்தன. ஏறக்குறைய அந்த உச்ச காலத்திலேயே பால்வெளி ஒரு திரளை விழுங்கியதற்கான தடயங்களை, விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கயா விண்கலத்தின் தரவுகளிலிருந்து 2018இல் கண்டுபிடித்தார்கள். அடுத்த இரை, நான் பார்த்துக்கொண்டிருந்த அதே திட்டு. 2019இல் வெளியான ஒரு கணிப்பின்படி சுமார் 240 கோடி ஆண்டுகளில் அது நம்மோடு கலந்துவிடும். நமக்கு அண்டையிலுள்ள பெரிய திரளான ஆந்திரோமெடாவும் பால்வெளியும் மோதுவது உறுதி என்று நெடுங்காலம் சொல்லிவந்ததை மட்டும் இனி அப்படியே நம்ப வேண்டியதில்லை. அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் அதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதிதான் என்கிறது 2025ஆம் ஆண்டு ஆய்வு.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். திசையன்விளையில் வாங்கி வந்த, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த பனங்கிழங்கின் நாரை உரித்து உரித்துத் தின்றே இரவைக் கழித்தேன். ஒரு கட்டு வாங்கினால் இருவருக்குப் போதும், விலையும் கையைக் கடிக்காது. தொலைநோக்கிக்கு ஆயிரக்கணக்கில் செலவிட வேண்டியதில்லை, ஒரு சாதாரண பைனாகுலர் தாராளம். ஊர் விளக்குகள் முதுகுக்குப் பின்னால் போகும் வரை மணலில் நடந்துவிட வேண்டும். பொழுது சாயுமுன் பேருந்திலேயே உவரிக்கு வந்துவிடுங்கள்; அந்த 500 ரூபாய் மிச்சம்.