நான்காவது குழாய்

எங்கள் புளோக்கின் பின்புறம், சிறு மேட்டின் அடிவாரத்தில், இடுப்புயரத்துக்குச் சற்று மேலாக ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது. மேட்டு மண் சரிந்துவிடாமல் தாங்குவதற்காகக் கட்டப்பட்டது. அதன் கீழ்ப்பகுதியில் வரிசையாகப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். பெரும்பாலானவை காய்ந்தே கிடக்கும். இடப்பக்கத்திலிருந்து நான்காவது குழாய் மட்டும் எந்நேரமும் சொட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குக் கரும்பச்சைப் பாசி படர்ந்திருக்கிறது; பாசியின் விளிம்பில் துரு நிறத்தில் வழவழப்பான ஒரு படிவு. அந்த நீர் சுவரோரச் சாக்கடையில் விழுந்து, சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரக் கால்வாய்களில் ஒன்றைப் பிடித்து, காலாங் ஆற்றில் போய்ச் சேர்கிறது.

சென்ற ஆண்டு தொடர்ந்து எட்டு நாள் மழையில்லாமல் வெயில் கொளுத்தியபோதும் அது சொட்டுவதைப் பார்த்து, எங்கோ குடிநீர்க் குழாய் உடைந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, நல்ல குடிமகளாக நான் தொலைபேசியில் புகார் செய்தேன். மறுநாள் காலை ஒரு தம்பி வந்தார். சிறு கண்ணாடிக் குப்பியில் அந்த நீரைப் பிடித்து, ஒரு மாத்திரையைப் போட்டுக் குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நிறம் மாறவில்லை.

“அக்கா, இது குழாய்த் தண்ணி இல்ல. குளோரின் இருந்தா ரோஸ் கலர் காட்டியிருக்கும். இது மண்ணுக்குள்ள இருந்து வர்ற ஊறல்” என்றார்.

“மழை பெஞ்சே எட்டு நாளாச்சே தம்பி?”

“எங்க ஊரு வெள்ளாத்துல பங்குனியில ஒரு சொட்டு ஓடாது. ஆனா மணலை முழங்கை ஆழம் தோண்டுனா ஊத்து வந்துரும். அது எப்ப பெஞ்ச மழைன்னு யாருக்குக்கா தெரியும்?”

அவர் புதுக்கோட்டைக்காரர். குப்பியைக் கழுவி வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் அன்றிலிருந்து அந்தக் குழாயையும் அது சார்ந்த செய்திகளையும் விடாமல் கவனித்து வருகிறேன். அப்படித் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

பள்ளிப் பாடநூலில் நாம் வரைந்த நீர்ச்சுழற்சிப் படத்தில் கடலிலிருந்து ஆவி மேலே போகும், மேகமாகும், மலையில் மழையாகும், ஆறாக ஓடிக் கடலில் சேரும். மண்ணுக்குள் இறங்கும் நீருக்கென்று ஒரு மெல்லிய அம்புக்குறி இருக்கும். அது கீழே போய் நின்றுவிடும். அங்கிருந்து ஆற்றுக்கு வரும் அம்புக்குறியை நான் வரைந்ததாக நினைவில்லை. அந்த ஓர் அம்புக்குறி விடுபட்டதால்தான், ஆற்றில் ஓடுவது மழைநீர், கிணற்றில் இருப்பது நிலத்தடி நீர், இரண்டும் வேறு வேறு என்ற எண்ணம் எனக்குள் நாற்பது ஆண்டுகள் இருந்திருக்கிறது. உறைந்து கிடக்கும் பனியை ஒதுக்கிவிட்டால், உலகின் நன்னீரில் 100-க்கு 95 பங்குக்கும் மேல் நிலத்தடியில்தான் இருக்கிறது. நாம் பெரிதாகப் பேசும் ஆறுகள் எல்லாம் சேர்ந்தும் அதன் அருகில் ஒரு துளிதான்.

மேட்டில் விழும் மழைக்கு இரண்டு வழிகள் உண்டு. மண் உள்வாங்கும் வேகத்தைவிட மழை வேகமாகப் பெய்தாலோ, மண் ஏற்கெனவே நிறைந்து இடமில்லாமல் போனாலோ, நீர் மேற்பரப்பிலேயே வழிந்தோடும். மற்றதெல்லாம் உள்ளே இறங்கும். இறங்கியதில் ஒரு பகுதியை மரங்கள் உறிஞ்சி ஆவியாக வெளியேற்றிவிடும். எஞ்சியது மண்துகள்களின் இடுக்குகள் எல்லாம் நீரால் நிரம்பியிருக்கும் மட்டம் வரை மெல்ல மெல்ல இறங்கும். அந்த மட்டத்தைத்தான் நிலத்தடி நீர்மட்டம் என்கிறோம். அது குளத்து நீர்போல் தட்டையாக இருப்பதில்லை. மேட்டுக்கு அடியில் அதுவும் சற்று மேடாக எழுந்து, பள்ளத்தை நோக்கிச் சரிந்திருக்கும்; அந்தச் சரிவினால் நீர் நகரும். ஓடையின் படுகை அந்த மட்டத்துக்குக் கீழே இருக்கும் இடத்தில் நீர் மண்ணிலிருந்து ஓடைக்குள் கசியும். மழையில்லாத நாளிலும் ஒரு காட்டு ஓடை ஓடுகிறதென்றால், அந்நாளில் அதில் ஓடுவது அநேகமாக முழுவதும் நிலத்தடி நீரே.

எங்கள் சுவரில் குழாய்த் துண்டுகளைப் பதித்ததற்கும் இதுவே காரணம். வெளியேற வழியில்லாவிட்டால் மண்ணுக்குள் சேரும் நீர் சுவரின் முதுகில் முட்டி, நாளடைவில் அதைச் சாய்த்துவிடும். அந்தத் துரு நிறப் படிவும் மண்ணடியின் அடையாளம்தான்: உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்த ஆழத்தில் நீரில் கரைந்திருந்த இரும்பு, வெளிக்காற்றைத் தொட்டதும் துருவாகப் படிந்துவிடுகிறது. முதலிலேயே இதை அறிந்திருந்தால் அந்தத் தம்பிக்கு ஒரு பயணம் மிச்சமாகியிருக்கும்.

அவர் சொன்ன வெள்ளாற்றில் இது தலைகீழாகவும் நடக்கும். வறண்ட சீமையில் நீர்மட்டம் ஆற்றுப் படுகைக்கு மிகக் கீழே இருப்பதால், மழைக்காலத்தில் வரும் வெள்ளம் மணலுக்குள் இறங்கி நிலத்தடி நீருக்கு ஊட்டம் தருகிறது. கரையோரக் கிணறுகள் ஊறுவதும், பங்குனியில் மணலைத் தோண்டினால் ஊற்று வருவதும் அதனால்தான். அங்கே ஆறு மண்ணுக்குக் கொடுக்கிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் சிங்கப்பூரில், நீர்மட்டம் பல இடங்களில் காலடியிலிருந்து சில மீட்டர்களிலேயே இருப்பதால், மண் ஆற்றுக்குக் கொடுக்கிறது. ஒரே ஆறுகூட ஓரிடத்தில் கொடுக்கும், ஓரிடத்தில் வாங்கும். பெருவெள்ளத்தின்போது கரைக்குள் நீரைச் செலுத்திவிட்டு, வடிந்தபின் அதையே திரும்பப் பெறுவதும் உண்டு.

நான் படித்தவற்றுள் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. காட்டு ஓடை ஒன்றில் கனமழைக்குப் பின் நீர் திடீரென உயர்ந்தால், உயர்ந்த நீரெல்லாம் அப்போது பெய்த மழை என்றுதான் யாரும் நினைப்பார்கள். மழைநீரிலும் நிலத்தடி நீரிலும் உயிர்வளி, நீர்வளி (ஹைட்ரஜன்) அணுக்களின் எடை வேறுபட்ட வகைகள் வெவ்வேறு விகிதத்தில் இருப்பதை வைத்து, 1970-களிலிருந்து ஆய்வாளர்கள் அந்த நீரைப் பிரித்துப் பார்த்தார்கள். பல காட்டு ஓடைகளில், மழையின் உச்சத்தில் ஓடிய நீரிலேயே பாதிக்கு மேல் பழைய நீர்! வாரங்களுக்கோ மாதங்களுக்கோ முன்னர் பெய்து மண்ணுக்குள் காத்திருந்த நீர், புதுமழை மேலிருந்து அழுத்தியதும் கீழ்முனையில் வெளியேறியிருக்கிறது. கூட்டமான பேருந்தில் முன்வாசலில் ஒருவர் ஏறும்போது பின்வாசலில் வேறொருவர் இறங்கிவிடுவதைப் போன்றது அது. ஏறியவர் இறங்க இன்னும் நெடுநேரமாகும். இவ்வளவு பழைய நீர் இவ்வளவு விரைவாக எப்படி வெளிவருகிறது என்பதைப் பற்றி அறிஞர்கள் இன்னமும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மண்ணைக் கான்கிரீட்டால் மூடிய இடத்தில் இந்த வித்தை நடவாது. அங்கே ஓடுவது பெரும்பாலும் புதுநீர், அதுவும் அவசர அவசரமாக. ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் என்பது எளிய கணக்கு. 2,000 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு கார்ப்பேட்டையில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100,000 லிட்டர். நம் மதிய நேர இடிமழைக்கு அது பெரிய அளவல்ல. அந்த 100,000 லிட்டரும் காட்டு மண்ணில் விழுந்தால் நாள்கணக்கில் வெளிவரும். கார்ப்பேட்டையில் விழுந்தால், கோப்பிக் கடையில் ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் கால்வாயை அடைந்துவிடும். எல்லாக் கார்ப்பேட்டைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் அடையும் என்பதுதான் சிக்கல். 2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் சாலையில் கடைகளின் கீழ்த்தளங்களுக்குள் நீர் புகுந்த படங்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அதன் பிறகு நடந்தவை நீரின் அவசரத்தைக் குறைக்கும் ஏற்பாடுகள். 0.2 ஹெக்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள புதிய கட்டுமானங்கள், தம் நிலத்தில் விழும் மழையைத் தாமே சற்று நேரம் பிடித்து வைத்து மெல்ல விடவேண்டும் என்ற விதி 2014-இல் வந்தது. மேலே நான் கணக்குப் பார்த்த கார்ப்பேட்டை சரியாக அந்த 0.2 ஹெக்டர்தான். 2018-இல் 38,000 கனமீட்டர் கொள்ளளவுள்ள ஸ்டாம்ஃபர்ட் தடுப்புத் தொட்டி நிலத்துக்கு அடியில் முடிக்கப்பட்டது. மண் இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலையைத் தொட்டி கட்டிச் செய்கிறோம் என்று எனக்குத் தோன்றும். ஆயினும் இவ்வளவு பேர் குடியிருக்கும் தீவில் வேறு வழி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. ஓடும் மழைநீரை வெறும் தொல்லையாக மட்டும் இந்நாடு பார்க்கவில்லை. நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்பிடிப்புப் பகுதி. சாக்கடைகளும் கால்வாய்களும் ஆறுகளும் அந்த ஓடுநீரை 17 நீர்த்தேக்கங்களுக்குக் கொண்டுசேர்க்கின்றன. 2008-இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு, தீவின் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழையைப் பிடிக்கிறது. எங்கள் நான்காவது குழாயின் நீரும், தேக்காவை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாயின் நீரும் அங்கேதான் கலக்கின்றன. முறையாகச் சுத்திகரித்த பின் அதையும் குடிக்கிறோம். ஆக, மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிடும் நீரும் நமக்குக் குடிநீராகிறது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு என்றால் மண்ணுக்குள் இறக்குவது. இங்கே தேக்கத்துக்கு ஓட்டுவது. அவரவர் பாறைக்கும் மழைக்கும் ஏற்ற வழி.

அதற்காக நிலத்தடி நீருக்கு இங்கே வேலையே இல்லை என்று சொல்வதற்கில்லை. குழாய் நீர் வருவதற்கு முன்பு சைனாடவுன் பக்கத்துக்கு மாட்டுவண்டிகளில்தான் கிணற்று நீர் போயிற்று. கிரேத்தா ஆயர் என்ற பெயருக்கே மலாய் மொழியில் தண்ணீர் வண்டி என்றுதான் பொருள். ஊர்ப்பெயர்கள் நீர்மட்டத்தை நன்றாகவே நினைவில் வைத்திருக்கின்றன: பாய லேபார் அகன்ற சதுப்பு, தோ பாயோ பெரிய சதுப்பு. பெரிய சதுப்பில் வீடு வாங்கிக் குடியிருந்துகொண்டு, சுவரில் நீர் கசிகிறதே என்று புகார் செய்தவள் நான்.

நீ சூன் சதுப்புக் காட்டில் நிலத்தடி நீர் ஆண்டு முழுவதும் தரையை ஒட்டியே நிற்பதால்தான் அங்குள்ள மரங்களும் நண்டுகளும் பிழைத்திருக்கின்றன. சிங்கப்பூரில் ஓரளவு பெரிதாக எஞ்சியிருக்கும் நன்னீர்ச் சதுப்புக் காடு அது ஒன்றே. செம்பவாங் வெந்நீர் ஊற்றில் பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் முட்டை அவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் மழைநீர்தான், கருங்கல் பாறையின் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு 70 பாகை செல்சியஸ் அளவில் மேலே வருகிறது. காலாங் படுகை போன்ற தாழ்ந்த இடங்களிலோ நிலைமை வேறு. அங்கே சுரங்கம் தோண்டும்போது நீர்மட்டம் இறங்கிவிட்டால் மென்களிமண் சுருங்கி, மேலுள்ள கட்டடங்கள் அமிழக்கூடும்; அதனால் பொறியாளர்கள் நீர்மட்டத்தை நோயாளியின் நாடிபோல் கண்காணிப்பார்கள், தேவைப்பட்டால் நீரைத் திரும்ப உள்ளே செலுத்துவார்கள்.

பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்குப் போகும்போதெல்லாம் இவை அனைத்தையும் ஒரே இடத்தில் காண்கிறேன். 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டில் கிடந்த கான்கிரீட் கால்வாயை உடைத்து, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடும் ஓடையாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். பொதுவாக எல்லாரும் நீர்நாய்களைப் பார்க்கிறார்கள். நான் கரையைப் பார்க்கிறேன். மழைக்கு மறுநாள், புல்லும் கல்லும் கலந்த கரையின் அடியில் நீர்விளிம்புக்கு ஒரு விரல் மேலே மண் பளபளப்பதையும், அதிலிருந்து நூலிழைபோல் நீர் இறங்குவதையும் குனிந்து பார்த்தால் காணலாம். கான்கிரீட் சுவர் இருந்த காலத்தில் அந்த நீர் எங்கள் சுவரைப்போல் துளை தேடித்தான் வெளிவந்திருக்கும்.

நான்காவது குழாய்க்கு வருகிறேன். இந்த மார்ச் மாதம் 200 மில்லிலிட்டர் தயிர்க் கிண்ணத்தை அதன் கீழே பிடித்து, நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று கைப்பேசியில் குறித்து வந்தேன். ஆறு நாள் வறண்ட பிறகு 4 நிமிடம் 10 நொடி. செவ்வாய்க்கிழமை மாலை ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. சாக்கடை இருபது நிமிடத்தில் விளிம்பைத் தொட்டு, இரவு உணவுக்குள் வடிந்துவிட்டது. குடையோடு இறங்கிப் போய்ப் பார்த்தேன். குழாயில் அப்போது பெரிய மாற்றமில்லை. புதன் காலையில் 1 நிமிடம் 35 நொடி. வியாழனன்று 1 நிமிடம் 20 நொடி. அதுவே மிக வேகம். அடுத்த திங்கட்கிழமை, தெருவெல்லாம் காய்ந்து புழுதி பறக்கும்போது, இன்னமும் 2 நிமிடம் 50 நொடி. கீழ்த்தளத்து மலாய்ப் பாட்டி இரண்டு வாரமாக என்னைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தவர், அன்று வெளியே வந்து, எதுவும் கேட்காமல், தம் செடிகளுக்கு ஊற்றும் வாளியைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.