நழுவிக்கொண்டே இருந்த சுழி

ஸ்ட்ரான்சியம்-87 அணுக்களை லேசர் ஒளியின் நிலையலைக்குள் சிறைப்பிடித்து, அவற்றின் மாய அலைநீளத்தை எங்கள் கருவியில் அளப்பதே முனைவர் பட்ட ஆய்வில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. அணுக்களைப் பிடித்துவைக்கும் இந்தப் பொறியின் ஒளி, அணுவின் அடிநிலை, கிளர்வு நிலை ஆகியவற்றின் ஆற்றலைப் பொதுவாக வெவ்வேறு அளவில் இடம்பெயர்க்கும். இரண்டும் ஒரே அளவில் பெயரும் அலைநீளமே மாய அலைநீளம்; அதில் மட்டும், இவ்விரு நிலைகளுக்கு இடையே நிகழும், அணுக் கடிகாரத்துக்கு அடிப்படையான 698 நானோமீட்டர் கடிகாரத் தாவலின் அதிர்வெண் பொறியொளியின் செறிவால் பாதிக்கப்படாது. ஜப்பானிய இயற்பியலாளர் ஹிடெடோஷி கட்டோரி முன்வைத்த இக்கருத்தின்படி ஸ்ட்ரான்சியத்துக்குரிய அளவு ஏறத்தாழ 813.4 நானோமீட்டர். விடை தெரிந்த கணக்குதானே, இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன்.

461, 689 நானோமீட்டர் லேசர்களால் குளிர்வித்த அணுக்களைப் பொறியில் ஏற்றி, ஒரு சுற்றில் ஆழமான பொறியிலும் அடுத்த சுற்றில் ஆழம் குறைத்த பொறியிலும் கடிகாரத் தாவலை அளந்து, வேறுபாட்டைக் குறிக்க வேண்டும். பொறி லேசரின் அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றி இதையே திரும்பச் செய்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமையும். வேறுபாடு சுழியாக (பூச்சியமாக) மாறும் வகையில் கோடு கடக்கும் இடமே நாம் தேடுவது. பொறியின் ஆழத்தைத் திறன்மானியின் அளவீட்டிலிருந்து கணக்கிட்டு ஒரு வாரத்தை வீணாக்கினேன்; ஆழத்தை அறிய, பொறிக்குள் அணு அதிர்வதால் தாவலின் இருபுறமும் தோன்றும் பக்கப்பட்டைகளே நம்பத்தக்கவை.

கோடு நேராகவே வந்தது. சுழி மட்டும் நாளுக்கொரு இடத்தில் நின்றது. அலைநீளமானியைச் சந்தேகித்து லேசரை, சம இடைவெளியுள்ள அதிர்வெண்களை அளவுகோலாகத் தரும் அதிர்வெண் சீப்புடன் பூட்டினோம், பயனில்லை. இந்த அணுவின் கருச்சுழற்சி 9/2 என்பதால், ஒளியின் தளவிளைவுக்கும் (அதன் மின்புலம் அதிரும் திசைக்கும்) காந்தப்புலத்துக்கும் இடையிலான கோணம்கூட இடப்பெயர்ச்சியை மாற்றும் என்று கருதி அதையும் சீர்செய்தபோது சிதறல் ஓரளவு குறைந்ததே தவிர, நழுவல் நிற்கவில்லை.

பொறியின் ஆழத்தை மாற்றாமல் லேசர் பெருக்கியின் மின்னோட்டத்தை மட்டும் ஒருநாள் மாற்றிப் பார்த்தபோது சுழியும் கூடவே நகர்ந்தது. குறைக்கடத்திப் பெருக்கி, நமக்கு வேண்டிய அலைநீளத்தோடு பல நானோமீட்டர் அகலத்துக்குப் பரவிய மங்கலான பின்னணி ஒளியையும் உமிழ்கிறது. அதுவும் அணுவை இடம்பெயர்க்கும், ஆனால் அலைநீளமானியின் கண்ணுக்குப் படாது. குறுகிய அலைநீளப் பட்டையை மட்டும் தேர்ந்தெடுக்கும் கீற்றணி வடிகட்டியைப் பாதையில் வைத்த பிறகு, மின்னோட்டம் எதுவானாலும் சுழி அசையவில்லை. இதை முதலிலேயே சோதித்திருக்க வேண்டும். பெருக்கி புதியது என்ற நம்பிக்கையே என்னைத் தடுத்தது.

மிக ஆழமான பொறிகளில் இடப்பெயர்ச்சி செறிவின் இருமடிக்கும் ஏற்ப மாறுவதால், செறிவோடு அது நேர்விகிதத்தில் மாறவில்லை. ஆகவே குறிப்பேட்டில் சுழி அமைந்த பொறி லேசரின் அதிர்வெண்ணுக்குப் பக்கத்திலேயே, அளந்த ஆழங்களின் வரம்பையும் எழுதி வைத்தேன்.